போர் தண்ணீரில் செடித் தொட்டிக்கு உரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் ‘உப்புத் தண்ணி’ என்றால் கடல் நீர் இல்லை. சுண்ணாம்பும் மெக்னீசியமும் ஏறிய போர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் 12 வருடமாகச் செடித் தொட்டி, அதாவது நீருக்குள் செடி வளரும் மீன் தொட்டி, வைத்திருக்கிறேன். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பச்சைப் பசேல் என்று வாங்கி வந்த செடி இரண்டே வாரத்தில் வெளுத்துப் போய், “எங்க தண்ணிக்குச் செடி வராதுங்க” என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்டவையும் நான் சொன்னவையும்தான் கீழே இருப்பவை. சுருக்கமாகச் சொன்னால், தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதில் என்ன இல்லை என்று பார்த்து, இல்லாததை மட்டும் செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் கொடுத்தால் போதும்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் கடின நீர்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

பக்கெட் விளிம்பில் வெள்ளைப் படிவு, கீசர் காயிலில் சுண்ணாம்பு, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவது இவையெல்லாம் இருந்தால் கடின நீர்தான். ஆனால் உரம் போட வேண்டுமென்றால் ஊகம் போதாது, எண் வேண்டும். வண்ணமீன் கடைகளில் ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை), கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) சோதனைக் கிட் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஒரு தடவை வாங்கினால் ஒரு வருடத்துக்கு மேல் வரும்.

செய்முறை எளிது. சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நான் வைத்திருக்கும் கேஹெச் கிட்டில் முதல் சொட்டுக்கே தண்ணீர் நீலமாகும். எங்கள் போர் தண்ணீரில் 10 சொட்டு ஆனாலும் நீலம், 15 ஆனாலும் நீலம். 16-வது சொட்டில் சட்டென்று மஞ்சளாக மாறியது. அப்படியென்றால் கேஹெச் 16. ஜிஹெச் கிட் ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும்; அது 22-ல் மாறியது. ஒரு சொட்டு ஒரு டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) ஏற்கத்தக்க கடினத்தன்மையாக 200 மில்லிகிராமையும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் உச்ச வரம்பாக 600 மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. டிகிரியில் சொன்னால் ஏறத்தாழ 11-ம் 34-ம். எங்கள் வீட்டுத் தண்ணீர் நட்டநடுவில் நிற்கிறது.

ஒரு விஷயம். மெட்ரோ வாட்டர், லாரி, போர் மூன்றும் ஒரே சம்ப்பில் விழும் வீடுகளில் இந்த எண் மாதத்துக்கு மாதம் மாறும். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

டிடிஎஸ் பேனா வைத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லா உப்பும் சேர்ந்த மொத்தக் கணக்கு. கடலோரப் பகுதியில் டிடிஎஸ் 900 காட்டும் தண்ணீரில் பாதிக்கு மேல் சாதாரணச் சாப்பாட்டு உப்பாகவே இருக்கலாம். அதே 900, வேறு ஊரில் முழுக்கச் சுண்ணாம்பாக இருக்கலாம். செடிக்கு இரண்டும் ஒன்றில்லை.

ஜிஹெச், கேஹெச் இரண்டில் செடிக்கு எது முக்கியம்?

கேஹெச். இதைத்தான் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

ஜிஹெச் என்பது தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதன் அளவு. இரண்டுமே செடிக்குச் சத்து. ஜிஹெச் 20 இருந்தாலும் பெரும்பாலான செடிகள் கவலைப்படாது. கேஹெச் என்பது பைகார்பனேட்டின் அளவு. இதுதான் பிஹெச்சை (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8-க்கு மேலே பிடித்து நிறுத்துகிறது. பிஹெச் அங்கே நின்றால் இரும்பு கரைசலில் நிற்காது. ‘கடின நீரில் செடி வராது’ என்று சொல்லப்படும் புகாரில் முக்கால்வாசி இந்த இரும்புப் பிரச்சினைதான்.

என்ன உரம் போட்டாலும் கடின நீரில் வராத செடி உண்டா?

உண்டு. டோனினா, எரியோகாலான், ரோட்டாலா வாலிச்சி, ரோட்டாலா மக்ராண்ட்ரா ஆகியவை கேஹெச் குறைந்த மென்னீரைக் கேட்பவை. கேஹெச் 16-ல் அவற்றை வாங்கி வைப்பது அந்தச் செடிக்குச் செய்யும் கொடுமை. கடைக்காரர் ‘எல்லாத் தண்ணியிலும் வரும்’ என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மறுபக்கம், கடின நீரைக் கொண்டாடும் செடிகளும் இருக்கின்றன. வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் நம் ஊர்க் குளங்களிலேயே வளர்பவை. தண்ணீரிலிருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறமை அவற்றுக்கு உண்டு. நீர்ப்பிரமி, லிம்னோபிலா, ஹைக்ரோபிலா, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் எதற்கும் பயமில்லை. இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகோரின் வெண்டி நன்றாகவே வரும். தாய்லாந்தின் சுண்ணாம்புக்கல் ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரின் பலான்சே என்ற நீள இலைச் செடிக்கு நம் போர் தண்ணீர் பிறந்த வீடு மாதிரி. என் தொட்டியின் பின்வரிசை முழுக்க அதுதான்; இலை மேலே எட்டி, தண்ணீர்ப் பரப்பில் மடங்கிக் கிடக்கிறது.

தண்ணீரிலேயே இவ்வளவு உப்பு இருக்கும்போது உரம் எதற்கு?

நியாயமான கேள்வி. கடின நீரில் தாராளமாக இருப்பவை கால்சியம், மெக்னீசியம், கந்தகம் (சல்ஃபேட்டாக). அதனால் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டாம். ‘ஜிஹெச் பூஸ்டர்’ என்று விற்கும் பொடி ஆர்.ஓ. தண்ணீர்க்காரர்களுக்கானது, நமக்கானது இல்லை. கால்சியம் நைட்ரேட்டும் அப்படியே.

நம் தண்ணீரில் பெரும்பாலும் குறைவாக இருப்பவை பொட்டாசியமும் பாஸ்பேட்டும். நைட்ரேட் ஊருக்கு ஊர் மாறும். இரும்பு, மாங்கனீஸ் போன்ற நுண்சத்துகள் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காத வடிவத்தில் இருக்கும். நாம் போடும் உரம் இந்த இடைவெளியை நிரப்பினால் சரி.

எங்கள் போர் தண்ணீரில் இரும்பு அதிகம், பக்கெட்டே செம்பழுப்பாகிவிடுகிறது. அப்படியும் புது இலை ஏன் மஞ்சளாக வருகிறது?

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை இதுதான். நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்போது இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிந்துவிடும். பக்கெட்டின் செம்பழுப்பு அந்தத் துருதான். பிஹெச் 8-ல் அதைச் செடியால் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. உரக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை (ஃபெரஸ் சல்ஃபேட்) வாங்கிப் போட்டாலும் இதே கதிதான்.

அதனால் இரும்பை ‘கீலேட்’ என்ற உறைக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். உறை நண்டின் கொடுக்கு மாதிரி இரும்பைப் பிடித்துக்கொண்டு, துருப்பிடிக்காமல் காக்கும். ஆனால் எல்லா உறையும் எல்லாத் தண்ணீரிலும் தாங்காது. ஈ.டி.டி.ஏ. உறை பிஹெச் 6.5 வரைதான் நன்றாகப் பிடிக்கும். டி.டி.பி.ஏ. ஏறத்தாழ 7.5 வரை. ஈ.டி.டி.ஹெச்.ஏ. 9 வரைகூட விடாது. கடையில் விற்கும் மலிவான நுண்சத்துக் கலவைகளில் பெரும்பாலும் இருப்பது ஈ.டி.டி.ஏ. மென்னீர்த் தொட்டியில் அது அருமையாக வேலை செய்யும். நம் தண்ணீரில் உறை சீக்கிரமே அவிழ்ந்துவிடும். ‘நானும் உரம் போடுறேன், ஒண்ணும் நடக்கலை’ என்பவர்கள் முதலில் பாட்டிலைத் திருப்பி இந்த எழுத்துகளைப் பார்க்க வேண்டும்.

என் சிபாரிசு இப்படி. கார்பன் டை ஆக்சைடு வாயு விடும் தொட்டி என்றால் பகலில் பிஹெச் 7 பக்கம் இறங்கிவிடும், டி.டி.பி.ஏ. போதும். வாயு இல்லாமல் பிஹெச் 8-க்கு மேல் நிற்கும் தொட்டி என்றால் டி.டி.பி.ஏ.வோடு கொஞ்சம் ஈ.டி.டி.ஹெச்.ஏ. சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது சரக்கு தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும். கொஞ்சம் கூடினாலும் ரோஸ்மில்க் ஊற்றியது போலாகிவிடும். மீனுக்குக் கெடுதல் இல்லை, கண்ணுக்குத்தான் உறுத்தும்.

இன்னொன்று: வாரத்துக்கு ஒரு முறை நிறைய ஊற்றுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது கடின நீரில் பலமடங்கு பலன் தரும். விளக்குப் போடும் நேரத்தில் கொடுங்கள். உறை அவிழ்வதற்குள் செடி எடுத்துக்கொள்ளும்.

சரி, எந்த உரம், எவ்வளவு? கணக்காகச் சொல்லுங்கள்.

சொட்டுநீர்ப் பாசன உரம் விற்கும் கடைகளுக்குப் போங்கள். மூட்டையில் எண்ணால்தான் பெயர். 13-0-45 என்றால் பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்றால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0-0-50 என்றால் பொட்டாசியம் சல்ஃபேட். ஒரு கிலோ பாக்கெட் ஒவ்வொன்றும் வருடக்கணக்கில் வரும். மீன் கடைப் பாட்டிலில் தண்ணீரோடு கலந்து விற்பதும் பெரும்பாலும் இதே உப்புகள்தான்.

வாங்கக் கூடாதவை: 19-19-19, 12-61-0, யூரியா. இவற்றில் அம்மோனியமோ யூரியாவோ இருக்கிறது. கடின நீர்க்காரர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. அம்மோனியம், பிஹெச் 7-ல் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு அம்மோனியாவாக மாறாது. பிஹெச் 8.2-ல், நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில், நூற்றில் 10 பங்குக்கு மேல் நச்சாக நிற்கும். மென்னீர்த் தொட்டிக்காரர் தப்பித்துவிடும் அதே தவறில் நம் மீன் செத்துவிடும்.

இனி அளவு. கரைசல்கள் மூன்றையும் கட்டாயம் ஆர்.ஓ. தண்ணீரிலோ டிஸ்டில்ட் வாட்டரிலோ தயாரியுங்கள். போர் தண்ணீரில் கரைத்து வைத்தால் இரும்புக் கரைசலின் அடியில் நாளடைவில் பழுப்புப் படிவு வந்துவிடும்.

முதல் பாட்டில்: 500 மில்லியில் 50 கிராம் பொட்டாசியம் நைட்ரேட். இதில் 10 மில்லி என்பது ஒரு கிராம். 100 லிட்டர் தொட்டியில் விட்டால் நைட்ரேட் 6 பிபிஎம் (லிட்டருக்கு 6 மில்லிகிராம்), பொட்டாசியம் ஏறத்தாழ 4 பிபிஎம் கூடும்.

இரண்டாவது: 500 மில்லியில் 5 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 10 மில்லி, 100 லிட்டரில் பாஸ்பேட்டை 0.7 பிபிஎம் கூட்டும்.

மூன்றாவது: 500 மில்லியில் 4.5 கிராம் டி.டி.பி.ஏ. இரும்பு (11% சரக்கு). 10 மில்லி, 100 லிட்டரில் 0.1 பிபிஎம் இரும்பு. மற்ற நுண்சத்துகளுக்கு, போரான், மாங்கனீஸ், துத்தநாகம் எல்லாம் அடங்கிய கலவையில் பாக்கெட் சொல்லும் அளவில் பாதி போதும்.

வாயு இல்லாத, மிதமான வெளிச்சமுள்ள 100 லிட்டர் தொட்டிக்கு: முதல் இரண்டிலும் வாரம் ஒரு முறை 10 மில்லி, இரும்பு வாரம் இரண்டு முறை 10 மில்லி. வாயு விட்டு, நல்ல வெளிச்சத்தில் செடி அடர்ந்த தொட்டி என்றால்: நைட்ரேட் 10 மில்லியும் பாஸ்பேட் 20 மில்லியும் வாரம் மூன்று நாள், இரும்பு மற்ற மூன்று நாள், ஏழாம் நாள் பாதித் தண்ணீர் மாற்றம். தாராளமாகக் கொடுத்து, மிஞ்சியதை வாராவாரம் தண்ணீர் மாற்றிக் கழிப்பது டாம் பார் என்ற அமெரிக்கர் பரப்பிய எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் முறை. கடின நீரிலும் அது அப்படியே செல்லும்.

தொட்டி 60 லிட்டர் என்றால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். கல், மண் போக உண்மையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதுதான் கணக்கு, கடைக்காரர் சொன்ன கொள்ளளவு இல்லை.

மூன்றையும் ஒரே நாளில் ஊற்றினால் என்ன?

பாஸ்பேட்டும் இரும்பும் நேருக்கு நேர் சந்தித்தால் கட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும், இரண்டும் வீண். அதனால்தான் மாறி மாறி நாள். ஒரே பாட்டிலில் இரண்டையும் கலந்து வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். கடின நீரில் கால்சியமும் பாஸ்பேட்டைப் பிடிக்கும். ஆனால் அது மெதுவாக நடப்பது, அதற்குள் செடி தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால்?

இருக்க வாய்ப்பு அதிகம். செப்டிக் டேங்க் நெருக்கமான புறநகரிலும், உரம் கொட்டும் வயல் பக்கமும் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறி நிற்கும். குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். குழாய்த் தண்ணீரிலேயே 20, 30 இருந்தால் பொட்டாசியம் நைட்ரேட்டை அடியோடு விட்டுவிடுங்கள். பொட்டாசியத்துக்கு மட்டும் 0-0-50-ஐ, 100 லிட்டருக்கு வாரம் ஒரு கிராம் போடுங்கள், அது 4.5 பிபிஎம் பொட்டாசியம் தரும். உரம் வாங்கும் முன் நைட்ரேட் சோதனை ஒன்று செய்யச் சொல்வது இதற்காகத்தான். அளவு 45-ஐத் தாண்டினால் தொட்டியை விடுங்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் முதலில் குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள்.

எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட்) தேவையா?

பொதுவாக வேண்டாம். ஆனால் சில இடத்துத் தண்ணீரில் ஜிஹெச் முழுக்கக் கால்சியமாக இருக்கும், மெக்னீசியம் சொற்பமாக இருக்கும். அப்போது பழைய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் வெளுத்துப் போகும். இதே அடையாளம் புது இலையில் தெரிந்தால் அது இரும்புக் குறை. பழையதா புதியதா என்று பார்ப்பதுதான் நோய் கண்டுபிடிக்கும் வழி. சந்தேகம் இருந்தால் 100 லிட்டருக்கு 5 கிராம் எப்சம் ஒரே ஒரு முறை போட்டு (5 பிபிஎம் மெக்னீசியம்) மூன்று வாரம் காத்திருங்கள்.

பிஹெச் குறைக்கும் திரவம் ஊற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஆகாது. என் முதல் தொட்டியில் நான் செய்தது அதுதான். கடையில் கொடுத்த பாட்டிலில் இருந்து சாயங்காலம் சொட்டு விடுவேன், பிஹெச் 7 காட்டும். காலையில் பார்த்தால் 8.2. மறுபடி சொட்டு. இப்படிப் பத்து நாள். கேஹெச் 16 உள்ள தண்ணீர் அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். அப்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறியதும் பிஹெச் பழைய இடத்துக்கே வந்துவிடும். பதினோராம் நாள் காலை, அதுவரை தாங்கிக்கொண்டிருந்த கேஹெச் தீர்ந்துபோய் பிஹெச் ஒரேயடியாக விழுந்தது. எட்டு மீன்கள் மேலே மிதந்தன. அதில் ஒரு ஜோடி கௌராமி, இரண்டு வருடமாக என் விரலில் இருந்து புழு வாங்கித் தின்றவை. இன்றைக்கும் யாராவது எலுமிச்சம்பழம் பிழியலாமா, வினிகர் விடலாமா என்று கேட்டால் கையைப் பிடித்து நிறுத்துகிறேன். மீனுக்கு பிஹெச் 8 தொந்தரவு இல்லை, ஒரே நாளில் ஏறி இறங்குவதுதான் தொந்தரவு.

கடின நீரில் கார்பன் டை ஆக்சைடு கரையாது என்கிறார்களே?

தவறு. எந்தத் தண்ணீரிலும் ஒரே மாதிரிதான் கரையும். பிஹெச் மீட்டர் காட்டும் எண் மட்டும் வேறு. 30 பிபிஎம் வாயு இருக்கும்போது கேஹெச் 4 தண்ணீரில் பிஹெச் 6.6 காட்டும், கேஹெச் 8-ல் 6.9, கேஹெச் 16-ல் 7.2. ‘6.6 வரும் வரை விடு’ என்று எங்கோ படித்துவிட்டு கேஹெச் 16 தொட்டியில் அந்த எண்ணைத் துரத்தினால் வாயு 100 பிபிஎம்மைத் தாண்டி மீன் மூச்சுத் திணறிச் சாகும். வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் ‘டிராப் செக்கர்’ என்ற சின்னக் குப்பியைத் தொட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றாமல், கேஹெச் 4-க்கு அளந்து விற்கும் கரைசலை ஊற்ற வேண்டும். பச்சை நிறம் வந்தால் சரியான அளவு, மஞ்சள் என்றால் அதிகம்.

கடின நீர்த் தொட்டியில் எதற்காவது காசு செலவழிப்பதென்றால் நான் இதற்குத்தான் செலவழிப்பேன். வாயு செடிக்குக் கார்பன் தருகிறது, கூடவே பிஹெச்சை இறக்கி இரும்பின் உறையையும் காக்கிறது.

ஆர்.ஓ. தண்ணீர் கலக்கலாமா? மழைத் தண்ணீர்? அபார்ட்மெண்ட் சாஃப்ட்னர்?

சாஃப்ட்னர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அந்த இயந்திரம் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. கேஹெச் அப்படியே இருக்கும், டிடிஎஸ் குறையாது, செடிக்குத் தேவையான இரண்டு சத்து மட்டும் காணாமல் போகும். ஜிஹெச் 1, கேஹெச் 16 என்று விநோதமாகக் காட்டினால் உங்கள் குடியிருப்பில் சாஃப்ட்னர் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ. கலக்கலாம். கணக்கு எளிது: கேஹெச் 16 உள்ள தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. ஒரு பங்கு என்றால் 8 வரும். ஒன்றுக்கு மூன்று என்றால் 4. ஆர்.ஓ. கழிவுக் குழாயில் வருவதை மட்டும் தொட்டியில் விடாதீர்கள், அது இன்னும் கடினம்.

எனக்குப் பிடித்தது மழைத் தண்ணீர். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்; குழாய் ஏற்கெனவே மாடியிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் முதல் இரண்டு மழையை மாடி கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையில் அரை மணி நேரம் கழித்துப் பிடிக்கிறேன். இரண்டு நீல டிரம், மேலே துணி கட்டி மூடி போட்டு, கொசு புகாமல். மழைநீரில் ஜிஹெச், கேஹெச் இரண்டும் கிட்டத்தட்டப் பூஜ்யம். போர் ஒரு பங்கு, மழை இரண்டு பங்கு. அந்த மாதங்களில் ரோட்டாலாவின் நுனி சிவப்பதைப் பார்க்க வேண்டும்! முழுக்க மழைநீரிலேயே வைக்காதீர்கள்; கேஹெச் இல்லாத தண்ணீரில் பிஹெச் நிலையாக நிற்காது.

கோடையில் தண்ணீர் வற்றும்போது குழாய்த் தண்ணீரையே ஊற்றி நிரப்பலாமா?

வற்றுவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. மே மாதம் திறந்த தொட்டியில் ஃபேன் ஓடினால் 100 லிட்டரில் வாரம் 10 லிட்டர்கூடப் போகும். ஜிஹெச் 20 உள்ள தண்ணீரால் அதை நிரப்பினால் வாரம் 2 டிகிரி கூடுகிறது. தண்ணீர் மாற்றாமல் இரண்டு மாதம் ஓட்டினால் ஜிஹெச் 36. வற்றியதை ஆர்.ஓ. அல்லது மழைநீரால் நிரப்புங்கள். போர் தண்ணீரைத் தண்ணீர் மாற்றும் நாளில் மட்டும் பயன்படுத்துங்கள்.

அடிமண்ணிலும் உரம் வைக்க வேண்டுமா?

கடின நீரில் கட்டாயம் வையுங்கள். மண்ணுக்குள் காற்று குறைவு, பிஹெச்சும் தண்ணீரைவிடக் கீழே. அதனால் மேலே கிடைக்காத இரும்பு அங்கே வேருக்குக் கிடைக்கிறது. அமேசான் வாள் செடி, கிரிப்டோகோரின் இரண்டுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வேர் மாத்திரை ஒன்றை விரலால் ஆழமாக அழுத்தி வைத்தால் தண்ணீரில் ஊற்றும் உரமே பெரிதாகத் தேவைப்படாது. தண்ணீரை மென்மையாக்கும் ‘ஆக்வா சாயில்’ என்ற விலை உயர்ந்த அடிமண், கேஹெச் 16-ல் வெகு சீக்கிரம் அந்தச் சக்தியை இழந்துவிடும். அதற்காக மட்டும் வாங்க வேண்டாம். மணலும் கல்லும் வாங்கும்போது வினிகர் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இலை மேல் வெள்ளையாகச் சொரசொரப்பாக ஏதோ படிகிறதே, நோயா?

நோய் இல்லை, சுண்ணாம்பு. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்றவை பைகார்பனேட்டிலிருந்து கார்பனை உறிஞ்சும்போது மிஞ்சும் கால்சியம் கார்பனேட் இலைமேல் படிகிறது. தொட்டியில் வாயு போதாமல் செடி அந்த வழிக்குப் போயிருக்கிறது என்பதற்கான தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உரத்தால் மீன், இறாலுக்கு ஆபத்து உண்டா?

மேலே சொன்ன அளவில் இல்லை. கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடின நீரிலேயே குதூகலமாக இருப்பவை. செர்ரி இறாலும் அப்படியே. நுண்சத்துக் கலவையில் இருக்கும் செம்பு மிகச் சொற்பம். அளவை இரட்டிப்பாக்கினால்தான் இறாலுக்குக் கவலை.

உரம் போட்டதும் பாசி வந்தது. நிறுத்திவிடவா?

உரத்தை நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது செடி, பாசி இல்லை. வெளிச்சத்தைக் குறையுங்கள், ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போதும். கண்ணாடியில் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிப் பாசி என்றால் பெரும்பாலும் பாஸ்பேட் குறைவு. அதற்குப் பாஸ்பேட்டைக் கூட்டத்தான் வேண்டும்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

இரும்பு என்றால் பத்து நாளில், புதிதாக விரியும் இலையின் நிறத்தில் தெரியும். பொட்டாசியக் குறையால் ஓட்டை விழுந்த பழைய இலை எத்தனை நாள் ஆனாலும் மூடாது; அதைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அதற்கு மேலே வரும் இலையைப் பாருங்கள்.